ஆவுளியாவுக்கு யானை உறவான கதை

மணமேல்குடிக் கடலடியில் புல் மேயும் ஆவுளியாவைக் கடற்பசு என்கிறோம். பசுவுக்கும் அதற்கும் நெருங்கிய ரத்த உறவு கிடையாது. அதே கடலில் துள்ளும் ஓங்கிலுக்கும் கிடையாது. அதன் நெருங்கிய சொந்தம் யானை. இதை அறிவியல் ஒப்புக்கொள்ள இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

1758இல் இயற்கை ஆய்வாளர் லின்னேயஸ், ஆவுளியாவின் பங்காளியான மானட்டியை யானையோடு ஒரே வரிசையில் வைத்தார். எறும்புதின்னியும் அழுங்கும் கூட அந்த வரிசையில்தான் இருந்தன. 1816இல் பிரெஞ்சு அறிஞர் பிளாங்வில் இந்த இனத்தை யானையின் பக்கம் தனியாகக் கொண்டுவந்தார். மறு ஆண்டே இன்னொரு பிரெஞ்சு அறிஞர் குவியே, இவை புல் தின்னும் திமிங்கிலங்கள் என்று எழுதிவிட்டார். அவர் பெரும் மேதை; ஆவுளியாவின் வாலும் திமிங்கில வாலைப் போலவே இருந்தது. ஆனால் வாலை மட்டும் பார்த்தால் போதாது. ஆவுளியாத் தாயின் முலைகள் யானைக்கு இருப்பதுபோல் மார்பில், முன்துடுப்புகளை ஒட்டி இருக்கின்றன. ஆணுக்கு முளைக்கும் தந்தம், யானைத் தந்தம் போலவே நீண்ட வெட்டுப்பல். 1998இல் மரபணுக்களை ஒப்பிட்டவர்கள் யானை, ஆவுளியா, ஹைராக்ஸ் என்ற சிறு விலங்கு முதலியவற்றை ஆப்ரோதீரியா என்ற ஒரே பெருங்குழுவில் சேர்த்தார்கள். 2001இல் ஜமைக்காவிலிருந்து நாலு காலில் நடந்த ஆதி ஆவுளியாவின் எலும்புக்கூடும் வெளிச்சத்துக்கு வந்தது.

அழிந்துபோன விலங்குக்கு இப்படி மரபணுவை ஒப்பிடும் வாய்ப்பு எளிதில் அமைவதில்லை. தென் அமெரிக்காவில் டார்வின் 1834இல் எடுத்த மக்ராக்கீனியா என்ற விலங்கின் எலும்பைக் கண்டு ஆய்வாளர் ஓவன் ஒட்டகத்தை நினைத்தார். அது குதிரை, காண்டாமிருகத்தின் பக்கம் என்று எலும்பில் மிஞ்சிய புரதம் சொன்னது 2015இல்தான். அதே கண்டத்தில் வாழ்ந்து அழிந்த பைரோதீரியம் என்ற விலங்குக்குத் தந்தம் இருந்தது. அது யானையின் மூதாதை என்றே ஆய்வாளர் அமெகினோ நம்பினார். அந்த எலும்புக்கு வயது சுமார் இரண்டரைக் கோடி ஆண்டு. எலும்பு அவ்வளவு பழையது என்பதால் பைரோதீரியத்தின் இடம் இன்றும் முடிவாகவில்லை.

ஆவுளியா உயிரோடு இருப்பதால்தான் அதன் உறவை அதன் ரத்தத்திலேயே படிக்க முடிந்தது. அது தொடர்ந்து உயிரோடு இருக்க, 2022 செப்டம்பரில் தமிழக அரசு, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கான காப்பகமாக அறிவித்தது. ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையே மூன்று முதல் ஏழு ஆண்டு ஆகும். அதனால் ஒன்று செத்தாலும் ஈடுகட்டுவது கடினம். அது காற்றைத்தான் சுவாசிக்கிறது, வலைக்குள் அதிக நேரம் தாங்காது. வலையில் பட்டால் உடனே அறுத்து விட்டுவிடுங்கள், வனத்துறைக்கும் சொல்லுங்கள்.