சிறப்புக் கல்வி ஆசிரியர் படிப்பு: நம் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மார்க்கம் கேட்டு வந்ததை ஒட்டியே 'அபஸ' (80) அத்தியாயம் அருளப்பட்டது. கற்க வருபவர் எவரையும் ஒதுக்கலாகாது என்பது நமக்கான பாடம். காயல்பட்டினமோ குலசேகரன்பட்டினமோ தூத்துக்குடியோ, பேச்சு வராத, எழுத்து பிடிபடாத பிள்ளை வீட்டோடு முடங்கிவிடக் கூடாது. அதற்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் நம்மிடையே வேண்டும்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. தொடக்க வகுப்புகளில் இத்தகைய 10 மாணவருக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் எனச் சிறப்பாசிரியர் வேண்டும் என்று மத்திய அரசு 2022இல் அறிவித்தது.

படிப்புகள்

- பிளஸ் 2 முடித்தவர்களுக்கு: டி.எட். சிறப்புக் கல்வி, 2 ஆண்டுகள். பொதுவாக 50 விழுக்காடு மதிப்பெண் தேவை.
- பட்டதாரிகளுக்கு: பி.எட். சிறப்புக் கல்வி.

செவித்திறன், பார்வை, அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் எனப் பிரிவுகள் உண்டு. எதில் சேருவது எனத் தயங்குவோர், பாளையங்கோட்டையில் நெடுங்காலமாக நடந்துவரும் காது கேளாதோர், பார்வையற்றோர் பள்ளிகளை முன்அனுமதி பெற்று ஒருமுறை பார்த்துவரலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் பயிற்சி நிறுவனமும் உள்ளது.

கவனிக்க

கட்டணம் செலுத்துமுன், அந்தக் கல்லூரியின் அந்தப் பிரிவுக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் (ஆர்.சி.ஐ.) அங்கீகாரம் உள்ளதா என்று பாருங்கள். படிப்பு முடிந்ததும் கவுன்சிலில் பெயரைப் பதிய வேண்டும். பதிவில்லாமல் இத்தொழில் செய்வது 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பிளஸ் 2 முடித்த நம் பெண்மக்கள் இதைப் பரிசீலிக்கட்டும். பெற்றோரும் ஜமாஅத்தும் துணை நின்றால், இன்ஷா அல்லாஹ், நம் ஊர்ப் பிள்ளைக்கு நம் ஊர் ஆசிரியையே கிடைப்பார்.