சட்டம் கற்பிக்கும் இடத்தில் ஆட்சி செய்பவர் யார்?

கொழும்புத் தமிழர்கள் புதுக்கடை என்று வழங்கும் பகுதிக்கு ஆவணங்களில் ஹல்ஸ்டொப் என்று பெயர். போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றுவதற்காக ஒல்லாந்தர் நடத்திய முற்றுகையில் 1656ஆம் ஆண்டில் உயிரிழந்த தளபதி ஹல்ஃப்டின் பெயரால் அமைந்தது அது. இன்று அப்பெயரைக் கேட்டால் ஒல்லாந்தத் தளபதி எவர் நினைவுக்கும் வருவதில்லை. நீதிமன்றங்களும், கறுப்பு அங்கியுடன் விரைந்து நடக்கும் சட்டத்தரணிகளுமே நினைவுக்கு வருவார்கள்.

1990களின் நடுப்பகுதியில், பத்திரிகைத் தொழிலுக்கு நான் புதியவனாக இருந்த காலத்தில், நீதிமன்றச் செய்திகளைத் திரட்டும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. கலைப் பட்டதாரியாகிய எனக்குச் சட்டம் அந்நியம். ஒரு நாள் மேல் நீதிமன்றமொன்றில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் குற்றஞ்சாட்டப்பட்ட ஒரு தமிழ் இளைஞரின் வழக்கு எடுக்கப்பட்டது. நடவடிக்கைகள் யாவும் சிங்களத்தில் நடந்தன. கூண்டில் நின்றவருக்கு நீதிமன்ற முதலியார் இடையிடையே மொழிபெயர்த்துச் சொன்னார். பின்வரிசையில் இருந்த அவருடைய தந்தைக்கு மொழிபெயர்க்க எவரும் இல்லை. இரவு முழுவதும் பேருந்தில் பயணஞ் செய்து மட்டக்களப்பிலிருந்து வந்திருந்த அந்த முதியவர், வெளியே வந்ததும் என்னை நிறுத்தி, "தம்பி, நம்மட பொடியனுக்காகப் பேசின லோயர் ஐயா என்ன சொன்னவரு?" என்று கேட்டார். வழக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று சொன்னேன். "அவ்வளவு நேரம் பேசினது அதுக்குத்தானா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

அந்த நீதிமன்ற வளாகத்திலிருந்து சில நிமிட நடைத்தூரத்தில்தான் இலங்கைச் சட்டக் கல்லூரி அமைந்திருக்கிறது. இந்த நாட்டில் சட்டத்தரணியாக விரும்பும் எவரும் அதன் வாசலைக் கடந்தே ஆகவேண்டும். அந்த முதியவரின் மகனுக்காகப் பேசுபவர் எந்த மொழியில் சட்டத்தைக் கற்றார், எந்த மொழியில் வாதிடப் பழகினார் என்பதெல்லாம் அந்தக் கட்டடத்துக்குள்தான் தீர்மானமாகின்றன. ஆகவே, அக்கல்லூரியை ஆள்பவர் யார், எவ்வாறு ஆள்கிறார் என்ற கேள்வி சட்டத்தரணிகளின் வீட்டு விவகாரம் அன்று.

லண்டன் வழங்கிய பெயர்

1833ஆம் ஆண்டின் நீதிச் சாசனம் அப்புக்காத்துகளையும் பிறக்கிராசிகளையும் தொழிலில் சேர்த்துக்கொள்ளும் அதிகாரத்தை உயர் நீதிமன்றத்துக்கு அளித்தது. அக்காலத்தில் சட்டம் பயிலுவதென்பது பெரும்பாலும் ஒரு மூத்த வழக்கறிஞரின் காலடியில் அமர்ந்து தொழில் பழகுவதுதான். வசதி படைத்தவர்கள் கப்பலேறினார்கள். சேர் முத்து குமாரசுவாமி 1863இல் லண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டராக ஏற்றுக்கொள்ளப்பட்டமை அன்று பெரும் செய்தியாயிற்று.

இங்கிலாந்தின் நான்கு சட்ட விடுதிகளும் சேர்ந்து 1852இல் சட்டக் கல்விப் பேரவையொன்றை அமைத்தன. அதே பெயரில் கொழும்பிலும் 1874இல் ஒரு பேரவை உருவாயிற்று. சட்டக் கல்லூரியின் வரலாறு அந்த ஆண்டிலிருந்தே கணக்கிடப்படுகிறது. 1900ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பேரவைக்குக் கூட்டிணைக்கப்பட்ட நிறுவனம் என்ற சட்ட ஆளுமையை வழங்கியது. கப்பலேற வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கும் சட்டத்தொழிலின் கதவு அதனால் சற்றே திறந்தது என்பதை மறுக்க முடியாது.

பேரவையின் தலைவர் பிரதம நீதியரசர். உயர் நீதிமன்ற நீதியரசர்கள், சட்டமா அதிபர், சொலிசிட்டர் ஜெனரல், நீதி அமைச்சின் செயலாளர், சட்டத்தரணிகள் ஆகியோர் அதில் அங்கம் வகிக்கின்றனர். நாட்டின் சட்டத்துறையில் இதைவிட உயர்ந்த ஓர் அவையைக் கூட்டிவிட முடியாது. ஆனால் அங்கே இருக்கும் ஒவ்வொருவருக்கும் முழுநேரப் பொறுப்பு வேறொன்று இருக்கிறது. நாட்டின் தலையாய நீதிமன்றத்தை நடத்துபவருக்குச் சட்டக் கல்லூரியின் பாடத்திட்டம் எத்தனையாவது கவலையாக இருக்கும்?

இந்தப் பேரவையின் அதிகாரமோ மிகப் பெரியது. அனுமதிப் பரீட்சை, கற்பித்தல், இறுதிப் பரீட்சை, விதிகள் ஆகிய நான்கும் ஒரே கையில் இருக்கின்றன. 1947இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை தொடங்கப்பட்ட பின்னரும் இந்நிலை மாறவில்லை. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ சட்டமாணிப் பட்டம் பெற்றவரும், சில விலக்களிப்புகளுடன், சட்டக் கல்லூரியின் பரீட்சைகளில் சித்தியெய்திய பின்னரே சத்தியப்பிரமாணம் செய்ய முடியும். பேராசிரியர் தம்பையா நடராஜா போன்ற ஓர் அறிஞர் பல்கலைக்கழகச் சட்டக் கல்வியைக் கட்டியெழுப்பினார். இலங்கைச் சட்ட முறைமையின் வரலாறு குறித்து 1972இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆயினும் தொழிலுக்குள் நுழையும் வாசலின் சாவி புதுக்கடையிலேயே இருந்தது.

ஆளுமைகளின் காலம்

இப்படியொரு நிறுவனம் நெடுங்காலம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் மனிதர்கள். ஆர்.கே.டபிள்யூ. குணசேகர 1966 முதல் 1974 வரை அதிபராக இருந்தார். 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிர்வாகச் சட்டம், அப்புக்காத்து, பிறக்கிராசி என்ற இரு வகுப்புகளையும் ஒழித்து எல்லோரையும் சட்டத்தரணிகள் ஆக்கியது. தொழிலின் வடிவமே மாறிய அந்தக் கட்டத்தில் கல்லூரியின் அன்றாட நிர்வாகம் கல்வியாளர் ஒருவரின் கையில் இருந்தமை அதிர்ஷ்டமே. பின்னாளில் சர்வதேச நீதிமன்ற நீதிபதியாகிய சி.ஜி. வீரமந்திரியும் அங்கு விரிவுரையாற்றியவர்.

எனினும், அதிர்ஷ்டத்தை ஆட்சிமுறை என்று கொள்ளக்கூடாது. நல்ல அதிபர் வந்தால் கல்லூரி நிமிரும், அவர் போனால் தளரும் என்றால் அங்கே அமைப்பு என்று எதுவும் இல்லை என்பதே பொருள்.

மொழி விடயத்தில் இந்தக் குறை வெளிப்படையாகத் தெரிந்தது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1961இல் நீதிமன்ற மொழிச் சட்டம் நீதிமன்றங்களுக்குள் சிங்களத்தைக் கொண்டுவந்தது. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு அதற்கு அரசியலமைப்புத் தகுதியே அளித்தது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்று கூறியது. ஆங்கிலத்தில் மட்டுமே கற்பித்துவந்த சட்டக் கல்லூரி காலப்போக்கில் மும்மொழிக் கல்லூரியாயிற்று. ஆனால் தமிழ்மொழி மாணவருக்குப் பரீட்சை எழுதும் உரிமை கிடைத்த அளவுக்குப் படிப்பதற்கு நூல்கள் கிடைக்கவில்லை. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழரின் சொந்தச் சட்டம். அதைக்கூட ஒரு தமிழ் மாணவர் ஆழமாகப் படிக்க விரும்பினால் எச்.டபிள்யூ. தம்பையாவின் ஆங்கில நூலைத்தான் நாட வேண்டியிருந்தது.

நாற்காலி ஆடியபோது

2013 ஜனவரியில் நடந்த இரண்டு சம்பவங்களை நான் அடிக்கடி சேர்த்தே நினைப்பதுண்டு.

அம்மாதத்தின் முதல் வாரத்தில், அனுமதிப் பரீட்சைப் பெறுபேறுகள் முஸ்லிம் மாணவருக்குச் சாதகமாக மாற்றப்பட்டதாகக் கூறிக்கொண்டு பொதுபல சேனா பிக்குகள் சட்டக் கல்லூரியின் முன் ஆர்ப்பாட்டம் செய்தனர். நீதி அமைச்சராக ரவூப் ஹக்கீம் இருந்தமை அந்தக் கூச்சலுக்கு எண்ணெய் வார்த்தது. கடினமாகப் படித்துத் தேறிய பிள்ளைகள் தம் பெயரின் காரணமாகவே சந்தேகத்துக்குரியவர்களாயினர். வினாத்தாள் தயாரிப்பு முதல் புள்ளியிடல் வரை எல்லாவற்றையும் வழமையாகவே பகிரங்கப்படுத்தும் ஒரு நிறுவனத்தின் வாசலில் இத்தகைய வதந்தி நெடுநேரம் நிற்காது. மூடிய கதவின் முன்னால்தான் வதந்தி கூடாரம் அடிக்கும்.

அதன் பின் ஒரு வாரம்கூடக் கழியவில்லை. பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிரான குற்றப் பிரேரணை பாராளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டு, அவர் பதவி நீக்கப்பட்டார். கொழும்புப் பல்கலைக்கழகச் சட்ட பீடத்தின் பீடாதிபதியாக இருந்து நீதியரசரானவர் அவர். பேரவைத் தலைமைக்குக் கல்வியாளர் ஒருவர் வந்த அரிய சந்தர்ப்பம் அது. மொஹான் பீரிஸ் பதவியேற்றார். 2015 ஜனவரியில் அந்நியமனமே செல்லாது என்று அறிவிக்கப்பட, பண்டாரநாயக்க மீண்டும் வந்து மறுநாளே ஓய்வு பெற்றார். அடுத்து கே. ஸ்ரீபவன் பிரதம நீதியரசரானார். நாட்டின் நீதித்துறைக்கு நேர்ந்த அந்த அவலம் பற்றிப் பலரும் எழுதினோம். ஒவ்வொரு முறையும் சட்டக் கல்விப் பேரவையின் தலைமையும் கூடவே கைமாறியது என்பதை நாம் எவரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

ஒரு வர்த்தமானி அறிவித்தல்

2020 டிசம்பர் 30ஆம் திகதி வெளியான அதிவிசேட வர்த்தமானி, சட்டக் கல்லூரியின் கல்வியும் பரீட்சைகளும் ஆங்கிலத்திலேயே நடத்தப்படும் என்ற விதிகளைத் தாங்கி வந்தது. தமிழிலும் சிங்களத்திலும் படித்த கிராமப்புற மாணவரிடையே அது கலக்கத்தை ஏற்படுத்தியது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்த அந்த இழுபறி, 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அவ்விதிகளைப் பெரும் வாக்கு வித்தியாசத்தில் நிராகரித்தபோதுதான் முடிவுக்கு வந்தது. தமிழரும் சிங்களவரும் மொழிப் பிரச்சினையொன்றில் ஒரே பக்கம் நின்று வாக்களித்த அபூர்வமான நாள் அது.

ஆங்கிலத்துக்கு ஆதரவான வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. நமது முன்தீர்ப்புகளின் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலமே ஓங்கி ஒலிக்கிறது. ஆங்கிலம் அறியாத சட்டத்தரணி பாதி நூலகத்தைப் பூட்டிவைத்தவர் ஆவார். ஆனால் மாணவருக்கு ஆங்கிலம் வேண்டும் என்றால் ஆங்கிலத்தைக் கற்பிக்க வேண்டும். பரீட்சையை மாற்றுவதால் மொழி வந்துவிடாது. பருத்தித்துறையிலும் அக்கரைப்பற்றிலும் மொனராகலையிலும் உள்ள நீதிமன்றங்களில் சாட்சியை எந்த மொழியில் விசாரிப்பது என்ற கேள்வியும் அதனால் தீர்ந்துவிடாது.

இங்கே இன்னுமொரு சிக்கல் உண்டு. பேரவையின் முடிவினால் பாதிக்கப்பட்ட மாணவர் எங்கே போவார்? நீதிமன்றத்துக்குத்தான். அந்த நீதித்துறையின் தலைவரே பேரவைக்கும் தலைவர். அவ்வழக்கில் அவர் அமரமாட்டார் என்பது உண்மை. வழக்கைக் கேட்கும் நீதிபதிகள் நேர்மையாகத் தீர்ப்பளிப்பார்கள் என்றே நானும் நம்புகிறேன். ஆயினும், தன் வழக்கில் தானே நீதிபதியாக இருத்தல் ஆகாது என்பதை முதலாம் ஆண்டிலேயே கற்கும் மாணவருக்கு, தனது கல்லூரியின் அமைப்பே முரண்பாடாகத் தோன்றினால் அவரைக் குறைகூற முடியுமா?

பிறர் செய்தவை

நாம் பெயரைக் கடன் வாங்கிய லண்டனில் அந்தப் பேரவை 1997இல் கலைக்கப்பட்டுவிட்டது. 2006இல் பாரிஸ்டர்களின் பிரதிநிதித்துவ அமைப்பிலிருந்து தொழிலை ஒழுங்குபடுத்தும் பணி பிரிக்கப்பட்டுத் தனிச் சபையிடம் ஒப்படைக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டின் சட்டச் சேவைகள் சட்டம் அந்தப் பிரிவினைக்கு வலுவூட்டியது. மூலப்பிரதி திருத்தப்பட்டுவிட்டது, நகல் அப்படியே இருக்கிறது.

இந்தியாவில் என்.ஆர். மாதவ மேனன் பெங்களூரில் தேசிய சட்டப் பள்ளியை உருவாக்கினார். 1988இல் அங்கு முதலாவது அணி மாணவர்கள் சேர்ந்தனர். அங்கும் இந்தியப் பிரதம நீதியரசரே வேந்தர். ஆனால் பாடத்திட்டம், ஆசிரியர் தெரிவு, அன்றாட நிர்வாகம் யாவும் முழுநேரக் கல்வியாளரின் பொறுப்பு. நீதித்துறையின் மரியாதை நிறுவனத்துக்குக் கிடைத்தது, அதன் சுமை கல்வியின் மேல் விழவில்லை. அந்த மாதிரியிலும் குறைகள் உண்டு. கட்டணம் அதிகம், பட்டதாரிகள் பெருநிறுவனங்களை நாடிச் செல்கிறார்கள், மாவட்ட நீதிமன்றத்துக்கு வருவோர் சிலரே என்ற விமர்சனங்கள் நியாயமானவை. ஆனாலும் 2019இல் மேனன் காலமானபோது அவர் விட்டுச்சென்றது ஓர் அமைப்பை.

நம் நாட்டுக்கு வேண்டியவை பெரிய புரட்சிகள் அல்ல. பிரதம நீதியரசர் புரவலராக இருக்கட்டும்; நிர்வாகத் தலைமை முழுநேரமாக அதற்கென நியமிக்கப்படும் ஒருவரிடம் இருக்கட்டும். கற்பிப்பவரும் பரீட்சை நடத்துபவரும் வேறு வேறாகட்டும். சட்ட பீடங்களுக்கும் மாணவருக்கும் பேரவையில் உரித்தான ஆசனம் கிடைக்கட்டும். தமிழ்மொழிக் கல்விக்கு நூல்களும் விரிவுரையாளரும் வழங்கும் பொறுப்பு எழுத்தில் இருக்கட்டும். முடிவுகள் காரணங்களுடன் வெளியிடப்படட்டும். 1874இல் தொடங்கிய ஒரு நிறுவனம் ஒன்றரை நூற்றாண்டைக் கடந்த பிறகு இவற்றைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

அந்த மட்டக்களப்பு முதியவரை நான் பின்னர் சந்திக்கவில்லை. அவருடைய மகனின் வழக்கு எவ்வாறு முடிந்தது என்பதையும் தொடர்ந்து கவனிக்கத் தவறினேன். அடுத்த நாள் வேறொரு வழக்கு, வேறொரு செய்தி. ஆனால் சட்டக் கல்லூரி பற்றிய செய்தியொன்று கண்ணில் படும்போதெல்லாம் அவர் கேட்டது காதில் விழுகிறது. அவருக்குப் பதில் சொல்லவேண்டியவன் ஒரு பத்திரிகையாளன் அல்லன். நீதிமன்ற வாசலில் நின்று, அவருடைய மொழியில், அவருடைய மகனுக்கு என்ன நடந்தது என்று விளக்கிச் சொல்லத்தக்க சட்டத்தரணி ஒருவர் அன்று அங்கே இருந்திருக்க வேண்டும்.