மூணு மாவட்டத்துக்கு ஒரு மலை

இந்த மலரில் நிறைய பேர் குழு ஆரம்பிச்ச கதை, கடன் அடைச்ச கதை எழுதியிருப்பீங்க. நான் எங்க ஜவ்வாது மலையோட வரலாற்றை எழுதலாம்னு உட்கார்ந்தேன். நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். பாடப் புத்தகத்தில் எங்க மலை எனக்குத் தெரிஞ்சு ஒரே இடத்தில்தான் வந்தது. கிழக்குத் தொடர்ச்சி மலைகள் எவை என்ற கேள்விக்கு, சேர்வராயன், கல்வராயன், கொல்லி மலை, பச்சை மலை, ஏலகிரி, ஜவ்வாது என்று மனப்பாடம் பண்ணி எழுதினோம். அந்த மலைக்கு மேலே ஜனங்க இருக்காங்க, அவங்களுக்கு ஒரு கதை இருக்குன்னு புத்தகத்தில் இல்லை.

கீழே இருக்கிற சகோதரிகளுக்காக முதலில் இடத்தைச் சொல்லிடுறேன். கிழக்கே போளூர், கலசபாக்கம். தெற்கே செங்கம். மேற்கே திருப்பத்தூர். வடக்கே ஆலங்காயம், ஒடுகத்தூர், அமிர்தி. நடுவில் நாங்கள். ஜமுனாமரத்தூர், கோவிலூர், புலியூர், வீரப்பனூர், நம்மியம்பட்டு எல்லாம் திருவண்ணாமலை மாவட்டம். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு மூணும் திருப்பத்தூர் மாவட்டம். பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு வேலூர் மாவட்டம். ஒரே மலை, ஒரே ஜனம், பொண்ணு கொடுத்துப் பொண்ணு எடுக்கிற சொந்தம், ஆனா மூணு கலெக்டர்.

என் அம்மா வீடு புதூர்நாடு பக்கம். என்னைக் கட்டிக் கொடுத்தது ஜமுனாமரத்தூர் பக்கம். நான் பிறந்தப்போ இரண்டும் வட ஆற்காடு மாவட்டம்தான். 1989 செப்டம்பர் 30-ல் அதைப் பிரிச்சு திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆச்சு. அம்மா வீடு வேலூர் பக்கம் நின்னுபோச்சு. 2019 நவம்பர் 28-ல் திருப்பத்தூர் தனி மாவட்டம் ஆனதும் அதற்குள் போச்சு. இன்னும் பின்னாடி போனா, 1911 வரைக்கும் திருப்பத்தூர் தாலுகா சேலம் மாவட்டத்தில் இருந்தது. எங்க ஆயாவோட அம்மா பிறந்தது சேலம் ஜில்லா, ஆயா பிறந்தது வட ஆற்காடு ஜில்லா, ஆனா வீடு அதே வீடு, அதே புளியமரம்.

இந்தக் கோடு போடுற வேலை அதுக்கும் முன்னாடியே இருந்திருக்கு. நம்ம மலைக்குத் தெற்கே செங்கம் கணவாய் இருக்கே, இப்போ பஸ்ஸில் தூங்கிக்கிட்டே தாண்டிப் போறோமே, அங்கேதான் 1767 செப்டம்பர் 3-ல் ஹைதர் அலி படைக்கும் இங்கிலீஷ்காரன் படைக்கும் சண்டை நடந்தது. மலைக்கு மேற்கே பாராமகால், கிழக்கே ஆற்காட்டு நவாப் சீமை. மலை நடுவில் சுவர் மாதிரி. 1792-ல் திப்பு சுல்தான் பாராமகாலை இங்கிலீஷ்காரனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. அதுக்கப்புறம் ரீடு என்ற அதிகாரி திருப்பத்தூரில் உட்கார்ந்துதான் அந்தச் சீமைக்கெல்லாம் வரி போட்டார். கீழே இருக்கிறவங்க படத்தில் எங்க மலை எப்பவும் ஓரத்தில் வரும். மேலே இருக்கிற எங்களுக்கு அதுதான் நடு.

இப்போ எங்க பேருக்கு வர்றேன். எங்க இனம் மலையாளி. மலையை ஆள்றவங்க, மலையில் இருக்கிற ஆளுங்க, எப்படி வேணா அர்த்தம் சொல்லிக்கலாம். கேரளாவுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை. பயிற்சிக்கு வெளியூர் போனா, "நீங்க கேரளாவா? தமிழ் நல்லாப் பேசுறீங்களே" என்று கேட்பாங்க. எங்களுக்குத் தமிழைத் தவிர வேறே பாஷையே கிடையாது அக்கா என்று சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு.

நாங்க காஞ்சிபுரத்தில் இருந்து வந்தவங்கன்னு பெரியவங்க சொல்வாங்க. ஒவ்வொரு மலையிலும் இந்தக் கதை ஒவ்வொரு மாதிரி. நம்ம ஜவ்வாது மலைக் கதையை இங்கிலீஷ்காரர் காலத்திலேயே வட ஆற்காடு ஜில்லா புத்தகத்தில் எழுதி வச்சிருக்காங்க. 1909-ல் தர்ஸ்டன் என்பவர் போட்ட சாதிகள் பற்றிய பெரிய புத்தகத்திலும் அது வந்திருக்கு. கதை இதுதான்.

கங்குந்தி என்ற ஊர் வேடர்கள் (அது இப்போ ஆந்திராவில் குப்பம் பக்கம்) காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளர்களிடம் பெண் கேட்டாங்களாம். அவங்க கேவலமாப் பேசி மறுத்துட்டாங்க. கோபத்தில் வேடர்கள் ஏழு கன்னிப் பெண்களைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. மீட்டு வர ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு கிளம்பினாங்க. போகும்போது பெண்டாட்டிகளிடம், "நாய் மட்டும் திரும்பி வந்தா நாங்க செத்துட்டோம்னு நினைச்சுக் காரியம் பண்ணிடுங்க" என்று சொல்லிட்டுப் போனாங்க. பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் கரையேறிட்டாங்க. நாய்கள் பாதி ஆற்றில் திரும்பி வீட்டுக்கு வந்துட்டது. வீட்டில் ஏழு பெண்களும் தாலி அறுத்துக் காரியம் முடிச்சுட்டாங்க. வேடர்களைக் கொன்னுட்டுத் திரும்பி வந்த ஆண்களைச் செத்தவங்கன்னு ஊர் ஒதுக்கிடுச்சு. அவங்க வேடர் குலத்துப் பெண்களைக் கட்டிக்கிட்டு மலையேறி வந்து கொல்லை போட்டாங்க. அவங்க வம்சம்தான் நாங்க.

சின்ன வயசில் இந்தக் கதையில் நாய் நீந்துற இடம்தான் எனக்குப் பிடிக்கும். இப்போ வேற இடத்தில் மனசு நிக்குது. தூக்கிட்டுப் போன ஏழு பெண்கள் என்ன ஆனாங்க? கதையில் இல்லை. உயிரோட இருக்கிற புருஷனுக்குக் காரியம் பண்ணிட்டு நின்ன ஏழு பேர்? இல்லை. மலையேறி வந்த வேடர் குலத்துப் பெண்கள்தானே எங்களுக்கெல்லாம் ஆதி ஆயா, அவங்களில் ஒருத்தி பேராவது? அதுவும் இல்லை. செங்கம் பக்கம் எடுத்தனூரில் பல்லவர் காலத்து நடுகல் ஒண்ணு இருக்கு. ஏழாம் நூற்றாண்டுக் கல். சண்டையில் செத்த வீரனோட பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பேரையும் வெட்டி வச்சிருக்காங்க. 1400 வருஷத்துக்கு முன்னாடி செத்த நாயோட பேர் நமக்குத் தெரியுது. நல்ல நாய்தான், நான் குறை சொல்லலை.

கதை எப்படியோ போகட்டும், எங்க மலையில் பரியம் கொடுக்கிறது மாப்பிள்ளை வீடு. புருஷன் செத்த பொண்ணு மறுபடி கல்யாணம் பண்ணிக்கிறதும் எங்களுக்குப் புதுசு இல்லை. கீழே இதை இப்போதான் சீர்திருத்தம்னு பேசுறாங்க. ஆனா ஊர்க் கவுண்டர், நாட்டார் உட்கார்ந்து பேசுற கூட்டத்தில் பொண்ணுங்க ஓரத்தில்தான் நிக்கணும் என்பதையும் சேர்த்தே எழுதணும் இல்லையா.

கோடு போடுறதால் என்ன கஷ்டம்னு கீழே இருக்கிறவங்களுக்குப் புரியாமல் இருக்கலாம். அரசாங்கத்துப் பழங்குடிப் பட்டியலில் எங்க பேருக்குப் பக்கத்திலேயே மாவட்டமும் எழுதியிருக்கு: தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. இந்தப் பழைய மாவட்டங்களில் இருக்கிற மலையாளிக்கு மட்டும்தான் பழங்குடிச் சான்று. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையிலும் மலையாளி ஜனங்க இருக்காங்க. அந்த இடம் முன்னே கோயமுத்தூர் ஜில்லா. அந்தப் பேர் பட்டியலில் இல்லாததால் அவங்க ரொம்பக் காலமாகச் சான்றுக்காகப் போராடிக்கிட்டு இருக்காங்க. அதே மக்கள், நடுவில் யாரோ பேனாவில் இழுத்த கோடு. நான்கூட ஒரு சான்றுக்காக ஒரு ஆபீசுக்குப் போனப்போ, "பிறந்தது அந்த மாவட்டம், அங்கே எழுதி வாங்கிட்டு வா" என்றார்கள். பஸ்ஸில் மலையிறங்கி, சுற்றிக்கொண்டு வேறு பக்கமாக மலையேறி, கைக்குழந்தையோட இரண்டு நாள் அலைஞ்சேன்.

எழுதத் தயக்கமா இருந்தாலும் இன்னொண்ணும் எழுதணும். ஜவ்வாது மலைச் சந்தனம் என்றால் அந்தக் காலத்தில் அவ்வளவு பேர். திருப்பத்தூர் சந்தனக் கிடங்கு ஏலத்துக்கு எங்கெங்கிருந்தோ வியாபாரிகள் வருவாங்க. மரம் கவர்மெண்டுக்கு, பணம் வியாபாரிக்கு, கேஸ் எங்களுக்கு. சந்தனம் குறைஞ்ச பிறகு மரம் வெட்டத் தெரிஞ்ச கைகளைத் தேடி புரோக்கர்கள் வந்தாங்க. ஆந்திரா காட்டில் செம்மரம், ஒரு வாரத்தில் கை நிறையப் பணம் என்றார்கள். 2015 ஏப்ரல் 7-ல் திருப்பதி பக்கம் சேஷாசலம் காட்டில் போலீஸ் சுட்டதில் 20 பேர் செத்தாங்க. பெரும்பாலும் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டத்துக்காரங்க, நம்ம மலையிலிருந்து போனவங்களும் அதில். ஜெயிலில் வருஷக்கணக்கா கிடந்தவங்க தனி. அந்தச் சமயத்தில் எத்தனையோ வீட்டில் பொண்ணுங்களுக்கு ஆள் உயிரோட இருக்காரா இல்லையா என்றே தெரியாது. போனும் எடுக்காது. கதையிலாவது நாய் திரும்பி வந்தது.

அந்த வருஷங்களில்தான் எங்க பக்கம் குழுக்கள் சீட்டு நோட்டை விட்டு வெளியே வந்து நிஜமாவே ஒண்ணுக்கொண்ணு தாங்கிக்க ஆரம்பிச்சதுன்னு நான் நினைக்கிறேன். புரோக்கர் கொடுக்கிற முன்பணம்தான் வலை. அரிசிக்கும் ஆஸ்பத்திரிக்கும் அந்தப் பணத்தை வாங்கிட்டா ஆள் போய்த்தான் ஆகணும். அதே ஆயிரம் இரண்டாயிரம் குழுவில் கிடைச்சா போக வேண்டாம். இந்தக் குழு முறை தமிழ்நாட்டில் ஆரம்பிச்சதும் பக்கத்துத் தர்மபுரியில்தான், 1989-ல், உலக அளவிலான வேளாண் வளர்ச்சி நிதி உதவியோட, மகளிர் மேம்பாட்டு நிறுவனம் மூலமாக. எங்க வட ஆற்காட்டை வெட்டின அதே வருஷம். எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துபோச்சுன்னு சொல்ல மாட்டேன். இன்னைக்கும் ஆம்பளைங்க கேரளா, திருப்பூர், பெங்களூருன்னு போறாங்க. ஆனா எங்கே போறாங்கன்னு சொல்லிட்டுப் போறாங்க.

சாமையைச் சொல்லாம எங்க மலையைச் சொல்ல முடியாது. மழை விழுந்ததும் விதைப்போம், தண்ணி கட்ட வேண்டியது இல்லை. ஆனா அறுத்த பிறகு இருக்கு வேலை. சாமையோட உமி லேசில் போகாது. எங்க ஆயா விடியக்காலை உரலில் குத்த ஆரம்பிச்சா மத்தியானச் சோத்துக்குத்தான் ஆகும். அதனாலதான் ரேஷன் அரிசி வந்ததும் வீட்டுப் பொம்பளைங்களே சாமையை விட்டாங்க. கீழே இருந்து வர்றவங்க "பாரம்பரிய உணவை ஏன் விட்டீங்க" என்று கேட்கிறப்போ எனக்குச் சிரிப்பு வரும். உலக்கையை அவங்க கையில் கொடுக்கணும். இப்போ மெஷின் வந்ததால் சாமை திரும்பி வருது. திருவண்ணாமலை பக்கத்தில் அத்தியந்தலில் சிறுதானிய ஆராய்ச்சி மையம் இருக்கு, அங்கிருந்து அ.தி.எல். 1 என்ற சாமை ரகம் 2019-ல் வந்தது.

படிப்பில் ஒரு நல்ல சேதி. புலியூர் ஸ்ரீபதி 2024-ல், 23 வயசில், சிவில் நீதிபதித் தேர்வில் தேறினாங்க. பிரசவமான சில நாளிலேயே சென்னைக்குப் போய் அந்தத் தேர்வை எழுதினாங்க. பேப்பரில் எல்லாம் வந்தது. எங்க பொண்ணுங்களுக்கு இப்போ சொல்றதுக்கு ஒரு பேர் இருக்கு.

சுற்றிப் பார்க்க வர்ற சகோதரிகளுக்குச் சிலது சொல்றேன். போளூரிலிருந்து அத்திமூர் வழியாகவும், ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாகவும் ஜமுனாமரத்தூர் வரலாம். கோலப்பன் ஏரியில் படகு இருக்கு. பீமன் அருவி மழைக்குப் பிறகு வந்தால்தான் அருவி, கோடையில் பாறை மட்டும்தான். கோடை விழாவுக்கு வர்றவங்க ஏமாந்து போறது அதனால்தான். சேயாறு உற்பத்தி ஆகிறதும் எங்க மலையில்தான். சங்க காலத்து மலைபடுகடாம் பாட்டில் செங்கத்து நன்னனோட சேர்த்து இந்த ஆற்றையும் சொல்லியிருக்கு. அது திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்ந்து கல்பாக்கம் பக்கம் கடலுக்குப் போகுது. காஞ்சிபுரத்துப் பக்கம் கடந்துதான் போகணும், நாங்க வந்த வழியே.

கீழ்சேப்பிளி பக்கம் குள்ளர் வீடு என்று சொல்ற இடம் இருக்கு. பலகைக் கல்லை நாலு பக்கமும் நிறுத்தி மேலே பெரிய கல்லால் மூடின சின்னச் சின்ன வீடு மாதிரி. குள்ள மனுஷங்க வாழ்ந்ததா ஆயா சொல்வாங்க. அது இரும்புக் காலத்து மக்கள் செத்தவங்களுக்காகக் கட்டின கல்திட்டை என்கிறாங்க படிச்சவங்க. எப்படியோ, காஞ்சிபுரக் கதைக்கு ரொம்ப முன்னாடியே இங்கே ஜனங்க இருந்திருக்காங்க. தயவுசெய்து கல் மேலே ஏறி போட்டோ எடுக்காதீங்க, புதையல்னு தோண்டினவங்களால் ஏற்கெனவே நிறைய சரிஞ்சு கிடக்குது.

காவலூர் வானியல் மையத்தைக் கட்டாயம் பாருங்க. 1968-ல் வைணு பாப்பு என்ற விஞ்ஞானி இங்கே வேலையை ஆரம்பிச்சார். மலைமேல் வானம் தெளிவு, ஊர் வெளிச்சம் இல்லை. 1972-ல் வியாழன் கிரகத்தோட நிலா ஒண்ணுக்குக் காற்று மண்டலம் இருக்குன்னு இங்கிருந்துதான் பார்த்தாங்க. 1977-ல் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றியிருக்கிற வளையத்துக்கும் இங்கே அடையாளம் கிடைச்சது. நம்ம நாட்டிலேயே செஞ்ச 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6-ல் பிரதமர் ராஜீவ் காந்தி வந்து திறந்தார். சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடுவாங்க. குழுவா வர்றதா இருந்தா முன்னாடியே கேட்டுக்கிட்டு, அமாவாசையை ஒட்டி வாங்க, நிலா வெளிச்சம் இருந்தா நட்சத்திரம் மங்கிடும். மார்கழி, தை மாசமா இருந்தா சால்வை எடுத்துக்கோங்க. சாமைச் சோறும் கீரைக் குழம்பும் நாங்க ஆக்கி வைக்கிறோம்.