தமியான் அடிகளும் ஆங்கில வரலாற்று நூல்களும்

1. முன்னுரை

தொண்டர் ஒருவரின் வரலாற்றை ஆராயப் புகுவார் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு ஒன்று உண்டு. அவர்பால் அன்புடையார் எழுதியனவும் மாறுபட்டார் எழுதியனவும் மிகுதியாகக் கிடைக்கும். அவரால் பயன்பெற்ற ஏழை மக்கள் எழுதியன கிடைத்தல் அரிது. கிடைப்பினும் அவை காலத்தால் மிகப் பிற்பட்டே அச்சேறுகின்றன. அதனால், முன்னர் அச்சேறியன யாவும் சான்று என்னும் மதிப்பினை எளிதிற் பெற்றுவிடுகின்றன. இவ்வுண்மைக்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு, ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய மொலோகாயில் தொழுநோயர்க்குத் தொண்டு செய்து மறைந்த புனித தமியான் அடிகளைப் பற்றிய ஆங்கில நூல்களின் வரலாறாகும்.

தமியான், பெல்ஜியம் நாட்டுத் திரெமெலோ என்னும் சிற்றூரில் கி. பி. 1840 சனவரி 3ஆம் நாள் உழவர் குடியிற் பிறந்தவர். 1864இல் ஹவாய் சேர்ந்து குருப்பட்டம் பெற்றார். 1873 மே 10ஆம் நாள் மொலோகாயின் கலவாவோ என்னுமிடத்தில் இறங்கினார். பதினாறாண்டுகள் அங்குத் தொண்டாற்றி, 1889 ஏப்ரல் 15ஆம் நாள் அந்நோயாலேயே இறந்தார். 1995இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 2009 அக்டோபர் 11ஆம் நாள் புனிதராகவும் திருச்சபையால் அறிவிக்கப்பெற்றார். அவருடைய தாய்மொழி பிளெமிஷ். உறவினர்க்கு அவர் மடல் எழுதியது பெரிதும் பிரெஞ்சில். மக்களிடம் உரையாடியது ஹவாய் மொழியில். ஆங்கிலம் அவர் பின்னர்ப் பழகிக்கொண்ட மொழியே. ஆயினும் அவர்தம் புகழும் அவர்மேல் எழுந்த பழியும் உலகிற் பரவியது பெரும்பாலும் ஆங்கிலத்தின் வாயிலாகவே என்பது கருதத்தக்கது. அந்நூல்கள் எவற்றைக் காட்டின, எவற்றைக் காட்டாது விட்டன என்பதனைக் கால முறையில் நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. குடியேற்றத்தின் நிலை

ஹவாய் மன்னர் ஐந்தாம் கமேஹமேஹாவின் ஆட்சியில், 1865 சனவரி 3ஆம் நாள் தொழுநோய் பரவாது தடுக்கும் சட்டம் நிறைவேறிற்று. நோயுற்றோரைப் பிரித்து வைத்தற்கு மொலோகாயின் வடபால் உள்ள தீபகற்பம் ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. மூன்று புறமும் கடல். நான்காம் புறம் செங்குத்தான மலைச்சுவர். 1866 சனவரி 6ஆம் நாள் முதற் குழுவினர் அங்கு இறக்கப்பட்டனர். அன்று தொடங்கி, பிரித்து வைக்கும் முறை 1969இல் நீங்கும்வரை ஏறத்தாழ 8,000 பேர் அங்கு அனுப்பப்பட்டனர். அவருள் மிகப் பெரும்பாலோர் ஹவாய்க் குடிகளே.

இங்கு ஒன்று நினைவிற் கொள்ளுதல் வேண்டும். தமியான் வந்தபோது அவ்விடம் அமைப்பு ஏதுமற்ற வெற்றிடமாக இருக்கவில்லை. நோயுற்று வந்த புரோட்டஸ்டண்டு மக்கள் 1866ஆம் ஆண்டிலேயே சிலோவாமா என்னும் சபையைத் தாமே கூடி நிறுவியிருந்தனர். கத்தோலிக்கர்க்குரிய புனித பிலோமினா சிற்றாலயமும் 1872இலேயே எழுந்திருந்தது. முதல் ஆங்கில நூல்களைப் பயில்வார்க்கு இச்செய்திகள் எளிதிற் புலனாகா.

3. முதல் நூல்கள்

அமெரிக்க எழுத்தாளர் சார்லஸ் வாரன் ஸ்டாட்டர்டு 1884இல் மொலோகாய் சென்று, மறு ஆண்டில் அங்குள்ள தொழுநோயரைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தமியானின் பெயரை ஆங்கிலம் பயில்வோரிடையே பரப்பிய தொடக்க நூல்களுள் இஃது ஒன்று. 1886இல் இலண்டன் மாநகரின் காம்பர்வெல் பகுதியைச் சேர்ந்த ஆங்கிலிக்கன் குரு ஹியூ சாப்மன், ஏறத்தாழ ஆயிரம் பவுண்டு திரட்டி அனுப்பினார். கத்தோலிக்கத் துறவி ஒருவர்க்குப் புரோட்டஸ்டண்டு நாட்டில் இத்துணை ஆதரவு எழுந்தமை அக்காலத்தில் வியப்புக்குரியதாயிற்று.

எட்வர்டு கிளிஃபர்டு என்னும் ஆங்கில ஓவியர் 1888 திசம்பரில் தமியானைக் கண்டு, அவர் உருவை வரைந்து, மறு ஆண்டில் நூலும் எழுதினார். நம் நாட்டோடு உண்மையான தொடர்புடையது இந்நூல். காசுமீரத்தில் தொழுநோயரைக் கண்டு வந்த கிளிஃபர்டு, அந்தமானில் மருத்துவர் டூகல் கையாண்ட குர்ஜன் எண்ணெயை மொலோகாய்க்குக் கொண்டு சென்றார். நூலின் தலைப்பே காசுமீரத்திலிருந்து ஹவாய்க்குச் சென்ற பயணத்தைக் குறிக்கின்றது. தமியான் மறைந்த 1889ஆம் ஆண்டிலேயே அவர் நினைவையொட்டி இங்கிலாந்தில் தேசியத் தொழுநோய் நிதி தோன்றிற்று. அந்நிதி அனுப்பிய ஆய்வுக்குழு 1890–91இல் இந்தியாவெங்கும் சுற்றி, இந்நோய் தொற்றும் அளவு மிகக் குறைவே என்னும் முடிவுக்கு வந்தது. மொலோகாயில் நேர்ந்த ஓர் இறப்பு, இந்தியத் தொழுநோயரைப் பற்றிய ஆராய்ச்சிக்கு வழிகோலியது என்பது வரலாற்றில் மறக்கற்பாலதன்று.

இக்காலத்து நூல்களுள் சான்று வகையால் தலைசிறந்தது, தமியானின் தமையனார் பாம்பில் அடிகள் தொகுக்க, 1889இல் இலண்டன் கத்தோலிக்க உண்மைக் கழகம் வெளியிட்ட மடற்றொகுதியாகும். பின்வந்த நூல்களில் பெருவழக்காக வழங்கும் கதை ஒன்றனை இத்தொகுதி கொண்டு ஆராய்வோம். தமியான் ஒருநாள் மறையுரை நிகழ்த்துங்கால் 'சகோதரரே' என விளிக்காது 'தொழுநோயராகிய நாம்' என்று தொடங்கினார் எனவும், தாமும் நோயுற்ற செய்தியை மக்கள் அன்றே அறிந்து கலங்கினர் எனவும் அக்கதை கூறும். உள்ளத்தை உருக்கும் நிகழ்ச்சியே. ஆயின், 1873 நவம்பரில் தமையனார்க்கு எழுதிய மடலிலேயே, தாம் மறையுரையில் மக்களைத் தம்மோடு சேர்த்துத் தொழுநோயர் என்றே சொல்லி வருவதாகத் தமியான் தெரிவிக்கின்றார். அவர்க்கு நோய் உறுதியானது அதற்குப் பதினோராண்டுகள் கழித்தேயாம். எனவே, அச்சொல் நோயின் அறிவிப்பன்று. நோய் வருமுன்னரே அவர் மேற்கொண்ட நெறியின் அறிவிப்பு. கதையினும் மெய்யே ஈண்டு உயர்ந்து நிற்கின்றது. 1889இலேயே ஆங்கிலத்தில் அச்சாகியிருந்த சான்றினைப் பலர் நோக்காது விட்டமை, உருக்கத்தை நாடிய அந்நூல்களின் இயல்பினைக் காட்டுகின்றது.

4. தமியானின் அறிக்கை

தமியான் தாமே 1886இல் ஹவாய் அரசின் சுகாதார வாரியத்திற்கு ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை எழுதித் தந்தார். உணவு, நீர், வீடு, உடை, மருந்து, ஒழுக்கம் எனப் பொருள் பகுத்து எழுதப்பட்ட நடைமுறை அறிக்கை அது. தம்மைப் பற்றிய பெருமிதம் அதில் இல்லை. தொடக்கத்தில் மக்கள் ஈரம் மிகுந்த புற்குடில்களில் வாழ்ந்தமையும், 1874இல் வீசிய பெருங்காற்றில் அவை வீழ்ந்தமையும், அரசு அனுப்பிய மரங்களைக் கொண்டு புதிய வீடுகள் எழுந்தமையும் அதிற் கூறப்படுகின்றன. கணவனையும் மனைவியையும் வலிந்து பிரித்தலால் விளையும் துன்பம், நோயின் துன்பத்தினும் கொடிது என்றும் அவர் எடுத்துரைக்கின்றார்.

இவ்வறிக்கையால் இரண்டு செய்திகள் பெறப்படும். அரசின் பங்கினைத் தமியான் மறைக்கவில்லை என்பது ஒன்று. அவர் வேண்டியது இரக்கத்தை மட்டுமன்று. மரம், குழாய், துணி, உணவு என்னும் அளவிடத்தக்க பொருள்களையே என்பது மற்றொன்று. எனினும் இதுவும் அயலவர் ஒருவரின் நோக்கே. மக்களின் குடிப்பழக்கத்தையும் ஒழுக்கக் கேட்டையும் அவர் குரு என்னும் நிலையில் நின்றே மதிப்பிட்டுள்ளார் என்பதனை ஆராய்வார் மறத்தலாகாது.

5. ஹைடும் ஸ்டீவன்ஸனும்

தமியான் மறைந்த சில திங்களில், ஹொனோலுலுவில் வாழ்ந்த புரோட்டஸ்டண்டுப் போதகர் ஹைடு என்பார், 1889 ஆகஸ்டு 2ஆம் நாள் கேஜ் என்னும் போதகர்க்கு ஒரு மடல் எழுதினார். தமியான் தூய்மையற்றவர், பிடிவாதம் உடையவர். அனுப்பப்படாமல் தாமே சென்றவர். குடியேற்றத்தில் தங்காமல் தீவெங்கும் திரிந்தவர். சீர்திருத்தங்கள் வாரியத்தின் செயலேயன்றி அவர் செயல் அல்ல. பெண்டிர்பால் அவர் ஒழுக்கம் தூயதன்று. நோய் அதனால் வந்ததே என்பன அம்மடலின் குற்றச்சாட்டுகள். அது சிட்னி நகரத்து இதழொன்றில் வெளியாயிற்று.

இதற்கு விடையாக எழுந்ததே, இராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன் 1890 பிப்பிரவரி 25ஆம் நாள் வரைந்த திறந்த மடல். அவர் ஸ்காத்துலாந்தின் புரோட்டஸ்டண்டு மரபில் வளர்ந்தவர். தமியான் மறைந்த சில வாரங்களில் குடியேற்றம் சென்று எட்டுப் பகலும் ஏழு இரவும் தங்கியவர். தமியானோடு மாறுபட்டிருந்த புரோட்டஸ்டண்டு மாந்தரிடமிருந்தே தம் செய்திகளைப் பெற்றதாக அவர் கூறுவது அம்மடலின் வன்மைக்குக் காரணமாகும். தமியானின் குறைகளை அவர் ஒளிக்கவில்லை. அக்குறைகளோடு கூடிய மனிதனே அத்தொண்டினைச் செய்தான் என்பதே அவர் வாதம். அம்மடலால் வந்த வருவாயை ஏற்க மறுத்த அவர், ஹைடைத் தாக்கியதில் அளவு கடந்துவிட்டதாக அவ்வாண்டிலேயே நண்பர் ஒருவர்க்கு எழுதி வருந்தினார்.

ஹைடின் குற்றச்சாட்டுகளை ஆவணங்கொண்டு நோக்குவோம். தமியான் அனுப்பப்படாது சென்றார் என்பது பொருந்தாது. ஆயர் மைக்ரே தாமே உடன்சென்று அவரை மக்கள்முன் நிறுத்தினார். தீவெங்கும் சென்றார் என்பதில் ஒரு கூறு உண்மையே. மலைக்கு அப்பாலும் தமியான் கோயில்கள் எழுப்பியுள்ளார். ஆயின் அது திரிதலன்று; குருப்பணியே. சீர்திருத்தத்தில் வாரியத்திற்குப் பங்குண்டு என்பதும் உண்மையே. அதனைத் தமியானின் அறிக்கையே சொல்லிற்று. நோய் ஒழுக்கக்கேட்டால் வந்தது என்பதோ, தொழுநோயை மேகநோயின் ஒரு படி எனச் சில மருத்துவர் கருதிய அக்காலத் தவற்றின் விளைவு. நார்வே நாட்டு ஹான்சன் இந்நோயின் நுண்ணுயிரைக் கண்டது, தமியான் கலவாவோவில் இறங்கிய 1873ஆம் ஆண்டிலேயாம்.

இவ்வழக்கில் ஸ்டீவன்ஸன் வென்றார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வெற்றி வரலாற்றுக்கு ஓர் இழப்பினையும் கொணர்ந்தது. அதன்பின் எழுந்த நூல்களுட் பல, தமியான் நல்லவரா அல்லரா என்னும் ஒரே வினாவைச் சுற்றியே அமைந்தன. அவர் யாருக்காக வாழ்ந்தாரோ அவர்கள் பெயரற்ற கூட்டமாகப் பின்னணியில் நின்றனர்.

6. பிற்கால ஆராய்ச்சி

கவன் டாஸ் 1973இல் வெளியிட்ட வரலாறு, துறவற சபையின் ஆவணங்களையும் அரசின் ஆவணங்களையும் ஒருங்கே ஆராய்ந்து, புகழுரைக்கும் பழியுரைக்கும் அப்பாற்பட்ட தமியானைக் காட்டிற்று. 1976இல் ஆல்ஃபான்ஸ் கார்ன் பதிப்பித்த மடற்றொகுதி வேறொரு வாயிலைத் திறந்தது. பீட்டர் கயேயோ, ஹவாய் அரசி எம்மாவின் உறவினர். நோயுற்று, தமியான் வந்த அதே 1873ஆம் ஆண்டில் கலாவுபாபா சேர்ந்தவர். 1876 வரை அவரும் அரசியும் ஒருவர்க்கொருவர் எழுதிய மடல்கள் அவை. உணவு வரத்து, காற்று மழை, இறந்தோர் செய்தி என நாள்வாழ்வு அவற்றில் விரிகின்றது. அவர் தலைவர் குடியினர். தமக்கெனத் தனி வீடும் பணியாளரும் உடையவர். ஆதலின் ஏழையரின் குரலாக அவரைக் கொள்ளுதல் பொருந்தாது. ஆயினும் நோயுற்றவர் ஒருவர் பார்த்த குடியேற்றத்தை அம்மடல்களிற் காண்கின்றோம்.

1879இல் நோயாளராக வந்து, அங்கேயே ஐம்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, கண்காணிப்பாளராகவும் பணியாற்றிய அம்புரோஸ் ஹட்சிசன் தம் முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்புகள் மற்றொரு சான்று. பென்னி மோப்ளோ 1997இல் எழுதிய கட்டுரை, தமியானைச் சுற்றி எழுந்த புகழ்க்கதை ஹவாய் மக்களைத் துணையற்றவராகச் சித்திரித்ததனைக் கடிந்துரைத்தது. ஆன்வே ஸ்கின்ஸ்னஸ் லா 2012இலும், கெரி இங்லிஸ் 2013இலும் வெளியிட்ட நூல்கள், நோயுற்றோர் தம் மொழியில் எழுதிய மடல்களையும் விண்ணப்பங்களையும் சான்றாக எடுத்துக்கொண்டன. நூறாண்டுக்கு மேலாக ஆங்கில நூல்கள் தேடாது விட்ட சான்றுகள் ஹவாய் மொழியில் எழுதப்பட்டு ஆவணக் காப்பகங்களிற் கிடந்தன என்பதனை இந்நூல்கள் மெய்ப்பித்தன.

7. முடிபு

இதுகாறும் கூறியவாற்றான், தமியானைப் பற்றிய ஆங்கில நூல்கள் முதலில் உருக்கத்தையும், பின்னர் வழக்கினையும், அதன்பின் ஆவணத்தையும், இறுதியாக மக்களின் சொல்லையும் பற்றி நின்றமை புலனாகும். மக்களின் சொல் வெளிப்பட்டமையால் தமியானின் பெருமை குறைந்ததாகச் சிலர் கருதக்கூடும். அது பொருந்தாது. தனியொருவர் ஒரு பாழிடத்தைத் திருத்தினார் என்னும் கதையே வீழ்ந்தது; தமக்கெனச் சபையும் தலைவரும் எழுத்தும் உடைய மக்களிடையே சென்று, அவருள் ஒருவராகத் தம்மை எண்ணிக்கொண்ட மனிதர் எஞ்சி நிற்கின்றார்.

1873இல் அவர் எழுதிய மடலும் 1886இல் அவர் தந்த அறிக்கையும் கூறுவன இதனோடு ஒத்துள்ளன. ஏழையர்க்குத் தொண்டு செய்தாரைப் போற்றப் புகும் வரலாறு, அவ்வேழையரைப் பேசவொட்டாது செய்தல் முரணாகும். ஆதலின் எம்மொழியில் எத்தொண்டரின் வரலாற்றை ஆராயப் புகினும், அவரால் பயன்பெற்றோர் தம் மொழியில் எழுதிவைத்தனவற்றை முதற்கண் தேடுதல் ஆராய்ச்சியாளர் கடன் என்பது நம் துணிபு.