சிர்த்தா சபையின் சாமான் பட்டியல்

கி.பி. 303 மே 19 அன்று, வட ஆப்பிரிக்காவின் நுமிதியா மாகாணத்தில் இருந்த சிர்த்தா நகரில் ஒரு வீடு சோதனையிடப்பட்டது. இன்று அந்த ஊர் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன். கிறிஸ்தவர்களின் வேதநூல்களைப் பறித்து எரிக்க வேண்டும், அவர்கள் கூடும் இடங்களை இடிக்க வேண்டும் என்று பேரரசர் தியோக்ளேஷியன் அந்த ஆண்டு பிப்ரவரியில் பிறப்பித்த ஆணை அங்கும் வந்து சேர்ந்திருந்தது. நகர நிர்வாகி முனாட்டியுஸ் பெலிக்ஸ் எழுத்தர்களுடன் கிறிஸ்தவர்கள் கூடும் வீட்டுக்குப் போனார். ஆயர் பவுல் உட்கார்ந்திருந்தார். மூப்பர்கள், திருத்தொண்டர்கள், அவர்களின் உதவியாளர்கள், கல்லறைக் குழி வெட்டுபவர்கள் என்று பலர் உடனிருந்தார்கள். அகப்பட்டதையெல்லாம் எழுத்தர்கள் வரிசையாகக் குறித்துக்கொண்டார்கள்: பொன் கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, வெள்ளிக் குடம் 6, வெள்ளி விளக்கு 7. அதே பட்டியலில் பெண்கள் அங்கி 82, முக்காடு 38, ஆண்கள் அங்கி 16, ஆண்கள் காலணி 13 ஜோடி, பெண்கள் காலணி 47 ஜோடி. நூலக அறையில் அலமாரிகள் காலி. உணவறையில் 4 சாடிகளும் 6 மிடாக்களும் இருந்தன. பறிமுதல் செய்ய வந்தவர்கள் எழுதியது என்பதால் இந்தப் பட்டியலில் பக்தியும் இல்லை, பெருமையும் இல்லை. கிறிஸ்தவச் சபை எதற்காகக் கூடியது என்று அறிய விரும்புகிறவருக்கு, பல இறையியல் நூல்களைவிட இது பயன்படும்.

கிண்ணமும் விளக்கும் வழிபாட்டுக்கு. துணிமணி எதற்கு? அவை திருமுழுக்கு பெறுகிறவர்கள் உடுத்தும் வெள்ளாடைகளாக இருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அங்கிகளை மட்டும் பார்த்தால் அது பொருந்தலாம், ஆனால் காலணிகளை அந்த விளக்கத்துக்குள் கொண்டுவருவது கடினம். ஆண் அங்கிகளைப் போல ஐந்து மடங்கு பெண் அங்கிகள் இருப்பதற்கும் அது காரணம் சொல்லாது. ஏழைக் கைம்பெண்களுக்குக் கொடுக்கச் சேர்த்து வைத்த துணிகள் என்று எடுத்துக்கொண்டால் இரண்டும் விளங்கிவிடுகின்றன. இதற்குத் துணைச் சான்றும் இருக்கிறது. 251-இல் ரோமின் ஆயர் கொர்னேலியுஸ் தம் சபையின் கணக்கை ஒரு கடிதத்தில் சொல்கிறார்: மூப்பர் 46, திருத்தொண்டர் 7, சபையின் பராமரிப்பில் இருந்த கைம்பெண்களும் நலிந்தோரும் 1,500-க்கு மேல். அந்தக் காலத்துச் சபை ஒன்றுக்குத் துணி வைக்கும் அறை, வேதநூல் அலமாரியைப் போலவே இன்றியமையாததாக இருந்திருக்கிறது.

சபையின் உள்ளே இருந்தவர்களும் இதைத்தான் எழுதினார்கள். 150-களில் ரோமில் ஜஸ்டின் தம் சபையின் ஞாயிறு கூட்டத்தைப் பேரரசருக்கு விளக்குகிறார்: நேரம் இடம்கொடுக்கும் வரை வாசிப்பு, தலைவரின் அறிவுரை, எல்லோரும் எழுந்து நின்று ஜெபம், பிறகு அப்பமும், தண்ணீர் கலந்த திராட்சை இரசமும். வர முடியாதவர்களின் பங்கைத் திருத்தொண்டர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். வசதி உள்ளவர்கள் மனமுவந்து கொடுக்கும் காணிக்கை தலைவரிடம் சேரும். அதிலிருந்து அநாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வெளியூரிலிருந்து வந்தவர்கள் எல்லோருக்கும் உதவி போகும். வழிபாட்டை ஒரு தலைப்பிலும் உதவியை இன்னொரு தலைப்பிலுமாக அவர் பிரித்து எழுதவில்லை. அப்பத்தைச் சுமந்து போன கை, காசையும் துணியையும் சுமந்து போன கைதான். சபையின் நோக்கம் கடவுளைத் தொழுவது மட்டுமே, ஏழைகளுக்கு உதவுவது அதன் பின்விளைவு என்று வாதிடுபவர்கள் இந்த வரிசையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தொழுகைக்கு வராதவரின் வாசலுக்குத் தொழுகையின் உணவே போகிறது என்றால் முதன்மை எது, பின்விளைவு எது என்று கோடு போட இடமில்லை.

வலுவான மறுப்பு வேறொன்று. ரோமப் பேரரசில் உறுப்பினர்கள் மாதச் சந்தா கட்டி, கூடி உண்டு, செத்தவரை அடக்கம் செய்யும் சங்கங்கள் ஏராளமாக இருந்தன. கிறிஸ்தவச் சபையும் அவற்றில் ஒன்றுதானே? இத்தாலியில் லானுவியம் என்ற ஊரில் 136-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று அப்படிப்பட்ட ஒரு சங்கத்தின் விதிகளைச் சொல்கிறது. சேர்வதற்கு 100 செஸ்டர்ஸ் பணமும் ஒரு சாடி நல்ல திராட்சை மதுவும். மாதச் சந்தா 5 செப்புக்காசு. அடக்கச் செலவுக்கு 300 செஸ்டர்ஸ். அடிமைகளும் அதில் உறுப்பினர்கள், ஆகவே அதை மட்டமாகப் பேச வேண்டியதில்லை. ஆனால் சந்தா பாக்கி வைத்துவிட்டு இறந்தவருக்கு அடக்கச் செலவு கிடையாது. அறுபது ஆண்டு கழித்து, 197 வாக்கில், கார்த்தேஜில் தெர்துல்லியன் எழுதும்போது இதே அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறார். எங்களிடமும் ஒரு பெட்டி உண்டு, மாதம் ஒரு முறை காசு போடுவோம், ஆனால் விரும்பினால் போடலாம், இருந்தால் போடலாம், யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை என்கிறார். அந்தப் பணம் ஏழைகளின் அடக்கத்துக்கும், பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கும், முதுமையில் முடங்கிய அடிமைகளுக்கும், கப்பல் உடைந்து கரை சேர்ந்தவர்களுக்கும், விசுவாசத்துக்காகச் சுரங்கங்களிலும் சிறையிலும் கிடப்பவர்களுக்கும் போகிறது. சபை சங்கத்தின் வடிவத்தைக் கடன் வாங்கியிருக்கிறது, அதை மறுக்க முடியாது. கட்டியவருக்குத்தான் கிடைக்கும் என்ற கணக்கை மட்டும் அது விட்டுவிட்டது. தெர்துல்லியன் வாதத்திறமை மிக்கவர், தம் தரப்பை அழகுபடுத்தியிருப்பார் என்று சந்தேகிப்பது நியாயமே. அப்படியானால் எதிர்த்தரப்பைக் கேட்கலாம். கிறிஸ்தவத்தைக் கைவிட்டுப் பழைய தெய்வங்களுக்குத் திரும்பிய பேரரசர் ஜூலியன், 362 வாக்கில் தம் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைக்கிறார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சேர்த்து உதவுகிறார்கள் என்று புலம்புகிறார்.

இதையெல்லாம் படிக்கும் ஒருவர், நடந்தது இவ்வளவு சுத்தமாகவா இருந்திருக்கும் என்று கேட்பார். இல்லை. எருசலேமில் முதல் சபைக்குள் எழுந்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்லும் முணுமுணுப்பு, கிரேக்கம் பேசும் கைம்பெண்களுக்கு அன்றாடப் பங்கு சரியாகக் கிடைக்கவில்லை என்பதுதான். கொரிந்துவில் வசதி உள்ளவர்கள் முந்திக்கொண்டு தின்று குடித்தார்கள், இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். பவுல் அப்போஸ்தலன் அதற்காக எழுதிய கடுமையான பகுதிதான் இன்றும் திருவிருந்தைப் பற்றிய பாடமாக வாசிக்கப்படுகிறது. மூன்றாம் நூற்றாண்டுச் சிரியாவின் சபை ஒழுங்கு நூல் ஒன்று, இடமில்லாத நேரத்தில் ஏழைக் கிழவரோ கிழவியோ உள்ளே வந்தால், ஆயர் தரையில் உட்கார நேர்ந்தாலும் அவருக்கு இடம் கொடுக்க வேண்டும் என்கிறது. யாரும் மீறாத ஒன்றுக்கு விதி எழுதுவதில்லை. ஏழைகள் ஓரம் தள்ளப்பட்டிருக்கிறார்கள் என்பதற்கே அது சான்று. இருந்தாலும் இந்தப் புகார்கள் எல்லாம் ஒரே புள்ளியில் வந்து விழுவதைக் கவனிக்க வேண்டும். லானுவியச் சங்கத்தின் விதிகளில், சந்தா கட்ட வக்கில்லாத கிழவிக்கு ஒன்றும் கிடைக்கவில்லையே என்று யாரும் முறையிட வழியில்லை. அது அங்கே குற்றமே அல்ல. சபையில் அது குற்றம்.

சிர்த்தாவின் கதை இதை இன்னும் தெளிவாக்குகிறது. சோதனை நாளில் அதிகாரி நூல்களைக் கேட்டபோது, மிகப் பெரிய நூல் ஒன்று மட்டும் வெளியே வந்தது. மற்றவை, சபையில் வேதம் வாசிக்கும் பொறுப்பில் இருந்த வாசகர்களிடம் இருந்தன. பெயர்களைச் சொல்லும்படி கேட்டபோது இரண்டு உதவியாளர்கள், கொன்றாலும் காட்டிக்கொடுக்க மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். ஆனாலும் அதிகாரிகள் வீடு வீடாகப் போனார்கள். பெலிக்ஸ் என்ற கைவினைஞரிடம் 5 நூல்கள், விக்டர் என்ற இலக்கண ஆசிரியரிடம் 2 நூல்களும் கட்டாத சில ஏடுகளும், கொத்தேயோ வீட்டில் அவர் மனைவி எடுத்துத் தந்த 6 நூல்கள். எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தவர்களில் சில்வானுஸ் என்ற உதவியாளரும் ஒருவர். மிடாவுக்குப் பின்னால் இருந்ததாகச் சொல்லி ஒரு வெள்ளிப் பெட்டியையும் விளக்கையும் எடுத்து நீட்டினார். இவை கிடைக்காமல் போயிருந்தால் நீ செத்திருப்பாய் என்று அங்கிருந்த ஒருவர் அவரிடம் சொன்னது வரை குறிப்பில் இருக்கிறது. இதே சில்வானுஸ் பின்னர் அந்த ஊரின் ஆயரானார்.

அந்தக் குறிப்பு நம் கைக்கு வந்த வழிதான் விசேஷம். 320 டிசம்பரில் நுமிதியாவின் ஆளுநர் செனோபிலுஸ் முன் சில்வானுஸ்மீது விசாரணை நடந்தது. குற்றம் சாட்டியவர் அவருடைய திருத்தொண்டரே, நுந்தினாரியுஸ். பழைய சோதனைக் குறிப்பு சாட்சியமாக வாசிக்கப்பட்டது, அதனால்தான் பிழைத்தது. அன்று நூல்களைக் கொடுத்த அதே இலக்கண ஆசிரியர் விக்டர் சாட்சிக் கூண்டில் நின்று மழுப்பினார். குற்றச்சாட்டு நூல்களைக் காட்டிக்கொடுத்ததோடு நிற்கவில்லை. துணி வெளுக்கும் தொழில் செய்த ஒருவர், தம்மை மூப்பராக்குவதற்குச் சில்வானுஸுக்குப் பணம் கொடுத்தார். கார்த்தேஜில் லுசில்லா என்ற செல்வச் சீமாட்டி மயோரினுஸ் என்பவரை ஆயராக்குவதற்காக 400 பணப் பைகள் கொடுத்தார், அதை ஆயர்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆளுநர் மீண்டும் மீண்டும் கேட்ட கேள்விகளில் ஒன்று: ஏழைகளுக்கு அதில் ஏதாவது போய்ச் சேர்ந்ததா? ஒருவருக்கும் ஒன்றும் இல்லை என்றே சாட்சிகள் சொன்னார்கள். ஆயர் ஒருவரைக் கவிழ்ப்பதற்கு, நூலைக் காட்டிக்கொடுத்த துரோகத்துக்குச் சமமாக வைக்கத்தக்க குற்றமாக எதை அந்தச் சபையார் கருதினார்கள் என்பது இங்கே வெளிப்படையாகத் தெரிகிறது.

அதற்குள் காலம் மாறத் தொடங்கியிருந்தது. சிர்த்தா, பேரரசர் கான்ஸ்டன்டைனின் பெயரையே தன் பெயராகப் பெற்றது. அங்கே பேரரசர் கட்டுவித்த பெரிய ஆலயத்தை பேரரசர் ஆதரித்த சபையிலிருந்து பிரிந்திருந்த கிறிஸ்தவர்களான தொனாத்தியர்கள் கைப்பற்றிக்கொண்டார்கள். 330-இல் அவர் நுமிதிய ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில் அதைத் திரும்பப் பிடுங்கச் சொல்லவில்லை. அரசுச் செலவிலேயே இன்னொன்று கட்டித்தருவதாகச் சொன்னார்.