கூட்டிக் காட்டும் கருவியா, குறைவாகக் கரைக்கும் அமிலமா? மண்ணின் குரோமியத்தைக் களத்தில் அளப்பது குறித்து

கையடக்க எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ்-கதிர் ஒளிர்வு) கருவி மண்ணிலுள்ள குரோமியத்தைக் கூட்டிக் காட்டுகிறது என்பது இத்துறையில் ஏறக்குறைய முடிந்த முடிவாகிவிட்டது. இதற்குச் சான்றாக வைக்கப்படும் படம் எல்லோருக்கும் பழக்கமானது. ஆய்வுக்கூட அளவு கிடை அச்சில், கருவி தந்த அளவு நெடு அச்சில்; புள்ளிகள் 45 பாகைக் கோட்டுக்கு மேலே ஒதுங்கி நிற்கும். உடனே ஒரு திருத்தக் காரணி கணக்கிடப்படும், கட்டுரையும் முடிந்துவிடும். அந்தப் படம் வாசிக்கப்படும் முறையே பிழையானது என்று கருதுகிறேன். விலகலின் பெரும்பகுதிக்குக் கருவி பொறுப்பல்ல. எதை உண்மை அளவு என்று வைத்துக்கொண்டார்களோ, அந்த அமிலக் கரைசலின் குறைதான் அங்கே தெரிகிறது.

கிடை அச்சின் அளவு எப்படி வந்தது என்று முதலில் கேட்க வேண்டும். பெரும்பாலும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 3050பி முறை, அல்லது இராஜ திராவகம். முதலாவதில் மண்ணை நைட்ரிக் அமிலத்திலும் ஹைட்ரஜன் பெராக்சைடிலும் சூடாக்கி, கரைந்து வந்ததை அளக்கிறார்கள். பெரும்பாலான மாதிரிகளுக்கு இது முழுக் கரைப்பு முறையல்ல என்று 3050பி தன் முகப்பிலேயே சொல்லிவிடுகிறது. சிலிகேட் கட்டமைப்புக்குள் சிக்கிய தனிமங்கள் இதில் வழக்கமாகக் கரைவதில்லை. குரோமியத்துக்கு நிலைமை இன்னும் மோசம். அதன் முதன்மைத் தாதுவான குரோமைட்டை நைட்ரிக் அமிலம் ஏறக்குறைய தொடுவதே இல்லை. ஹைட்ரோபுளூரிக் அமிலமும் அதனிடம் திணறும். சோடியம் பெராக்சைடுடன் சேர்த்து உருக்கினால்தான் முழுதாக விட்டுக்கொடுக்கும். எக்ஸ்ஆர்எஃபுக்கு இந்தத் தடை கிடையாது. குரோமியம் எந்தக் கனிமத்துக்குள் இருந்தாலும், கதிர் எட்டும் ஆழத்திலுள்ள அணுக்களையெல்லாம் அது எண்ணிவிடும். ஒன்று ‘எவ்வளவு கரைந்தது’ என்று சொல்கிறது, மற்றது ‘எவ்வளவு இருக்கிறது’ என்று சொல்கிறது. இரண்டையும் ஒரே படத்தில் வரைந்துவிட்டு, பொருந்தாத பழியைக் கருவியின் தலையில் போடுவது நியாயமில்லை.

இந்த வாசிப்பைச் சோதிக்கத் தமிழகத்தைவிட வாய்ப்பான களம் அரிது. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் பாய்ந்த வயல்களில் குரோமியம் வந்த வழி, தோல் பதனிடப் பயன்படும் காரக் குரோமியம் சல்பேட். அது மண்ணில் ஹைட்ராக்சைடாகப் படிந்தும் மட்கோடு பிணைந்தும் கிடக்கும். சூடான அமிலம் அதைப் பெரும்பாலும் கரைத்துவிடும். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் குரோமியம் பாறையின் சொத்து. அங்குள்ள அனார்த்தோசைட்டுத் தொகுதியில் குரோமைட்டு அடுக்கடுக்காகக் கிடக்கிறது, அமிலத்துக்கு மசியாது. (சந்திரயான்-2 சோதனைக்கு நிலவு மண்ணின் மாற்றாக எடுத்துப்போனார்களே, அதே வட்டாரப் பாறை.) மூன்றாவது ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில், 1990களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை விட்டுச்சென்ற ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவுக் குவியல். தாதுவைச் சோடா உப்புடன் வறுத்தபின் மிஞ்சியது என்பதால் வினைபுரியாத குரோமைட்டும் அதில் உண்டு, நீரில் கரையும் குரோமேட்டும் உண்டு.

கருவிதான் பிழை செய்கிறதென்றால் மூன்று இடத்திலும் ஒரே போக்கில் விலகல் வர வேண்டும். நான் சொல்வது சரியென்றால் வாணியம்பாடியில் இரண்டு அளவும் நெருங்கும், சித்தம்பூண்டியில் வெகுவாகப் பிரியும், ராணிப்பேட்டை இடையில் நிற்கும். ஒவ்வோர் இடத்திலும் சில மாதிரிகளைப் பெராக்சைடு உருக்கல் செய்தால் வழக்கு தீர்ந்துவிடும்.

கருவிக்குக் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இரும்பின் 6.40 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கதிர், 5.99இல் உள்ள குரோமியத்தின் உட்கவர் விளிம்பைத் தாண்டியது. எனவே இரும்பு மிகுந்த செம்மண்ணில் குரோமியத்தின் ஒளிர்வு சற்றுத் தூக்கலாகவே வரும். வனேடியத்தின் 5.43 கதிர் குரோமியத்தின் 5.41 மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இன்றைய கருவிகளின் கணிப்பு நிரல்கள் இவற்றைப் பெருமளவு கழித்துவிடுகின்றன. கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும். ஆனால் அந்த மிச்சம் மண்ணிலுள்ள இரும்பைத் தொடர வேண்டும், குரோமைட்டை அல்ல. ஈரப்பதத்தைக் காரணம் காட்டுவோருக்குப் பதில் எளிது: மண்ணை உலர்த்திச் சலித்துவிட்டு அளக்கட்டும்.

இது வெறும் சொற்போர் இல்லை என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. குரோமைட்டு மிகுந்த மண்ணில் வரைந்த கோட்டிலிருந்து 0.6 என்ற திருத்தக் காரணி கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். அதைக் கழிவுநீர் பாய்ந்த வயலுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே கருவி கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்று சரியாகவே காட்டுகிறது. திருத்தியபின் அது 60 ஆகிவிடும். விளைநிலத்தில் மொத்தக் குரோமியத்துக்குக் கனடா வைத்திருக்கும் வழிகாட்டி அளவு 64. கெட்ட நிலம் நல்ல நிலமென்று சான்றிதழ் வாங்கிவிட்டது.

ஒட்டுறவுக் கெழு 0.9க்கு மேல் வந்ததே என்பார்கள். அதே அமெரிக்க முகமை களக் கருவிகளுக்கு வகுத்த 6200 முறை, முதற்கட்டச் சோதனைக்கு 0.7 போதும் என்கிறது, 0.9ஐயும் தாண்டி, இரு அளவுகளும் புள்ளியியல்படி சமம் என்று காட்டினால்தான் உறுதியான தரவாகக் கருதலாம் என்கிறது. அளவுகள் பத்து மடங்குக்கு மேல் விரிந்தால் மடக்கை எடுத்துக் கணக்கிடச் சொல்வதும் அதே முறைதான். இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். கழிவுக் குவியலுக்குள்ளிருந்து இரண்டு மாதிரியைச் சேர்த்துக்கொண்டால் எந்தக் கோடும் அழகாக நிமிர்ந்துவிடும். எல்லை அளவை ஒட்டிக் கிடக்கும் வயல்களைப் பற்றி அந்தக் கெழு எதுவும் சொல்லாது.

கருவி உண்மையிலேயே குருடாக இருக்கும் இடம் வேறு. குரோமியம்-3ஐயும் குரோமியம்-6ஐயும் அதனால் பிரித்தறிய முடியாது. ராணிப்பேட்டையில் ஆபத்து இரண்டாவதில்தான். அதற்கு மலிவான சோதனை எப்போதோ வந்துவிட்டது. சலித்த மண்ணை நீரில் குலுக்கி வடித்து, கந்தக அமிலம் சில சொட்டும் டைபினைல்கார்பசைடு கரைசலும் விட்டால், குரோமியம்-6 இருக்கிற நீர் சில நிமிடங்களில் கத்தரிப்பூ நிறமாகும். நிறம் வந்தால் நம்பலாம். நிறம் வராததை அப்படியே நம்பக் கூடாது. நீரில் கரையாத குரோமேட்டு குலுக்கலில் வெளியே வருவதில்லை. அதற்கு அந்த முகமையின் 3060ஏ முறைப்படி காரக் கரைசலில் 90 முதல் 95 பாகை செல்சியஸில் ஒரு மணி நேரம் சூடாக்க வேண்டும். மட்கு மிகுந்த தோல் கழிவுச் சேற்றிலோ, அமிலம் பட்டதும் கரிமப் பொருளே குரோமியம்-6ஐக் குரோமியம்-3 ஆக்கிவிடக்கூடும். அதே வடிநீரில் தெரிந்த அளவு குரோமேட்டைச் சேர்த்து நிறம் வருகிறதா என்று பார்த்தால் ஏமாற்றம் வெளிப்பட்டுவிடும். இந்த ஒரு சரிபார்ப்புக் குழாய் இல்லாத ‘நிறமில்லை’ முடிவுகளை நான் கணக்கில் கொள்வதில்லை.

களச் சோதனை மலிவு என்கிறார்களே, கருவியின் விலையே பல லட்சம், இதில் மலிவு எங்கே என்ற கேள்விக்கு அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. மலிவு மாதிரிக் கணக்கில் வருகிறது. மாதிரிகளின் எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பதை அமெரிக்க வெடிமருந்துத் தளங்களில் ஜென்கின்ஸ் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வு காட்டிவிட்டது. 122 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் எடுத்த மண்ணிலேயே வெடிமருந்தின் அளவு பன்மடங்கு மாறியது. களத்தில் செய்த நிறச் சோதனையும் ஆய்வுக்கூட முடிவும் மட்டும் நன்றாகவே ஒத்துப்போயின. ஓர் ஏக்கருக்கு இரண்டு மாதிரி எடுத்து அதை மூன்று தசமம் வரை அளப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

2025இல் அறிவிக்கப்பட்ட மாசுபட்ட தளங்கள் மேலாண்மை விதிகள், ஐயத்துக்குரிய இடங்களைக் கண்டறியும் முதல் பொறுப்பை உள்ளாட்சியிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் கொடுத்திருக்கின்றன. அவர்கள் கைக்குப் போகப்போவது இத்தகைய களக் கருவிகளும், நம் இதழ்களில் அச்சான திருத்தக் காரணிகளும்தான். ஆகவே ஆசிரியர் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள்: எந்த அமிலம், எந்தக் கனிமம் என்ற இரண்டு விவரமும் இல்லாமல் வரும் திருத்தக் காரணியை இனி அச்சேற்றாதீர்கள்.