மெருகும் சான்றும்: வின்செஸ்டர் 1873 வேட்டைத் துப்பாக்கியை அடையாளம் காணுதலும் புதுப்பித்தலும்

ஆய்வுச்சுருக்கம்

பழைய நெம்புகோல் துப்பாக்கி ஒன்றின் வகை, வயது, பயன்பாடு ஆகியவற்றை உரைக்கும் சான்றுகளில் பெரும்பகுதி அதன் மேற்பரப்பிலேயே உள்ளது. புதுப்பிக்கும் தொழிலும் அதே மேற்பரப்பில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் 2014இல் கண்டெடுக்கப்பட்ட வின்செஸ்டர் 1873 துப்பாக்கியை முன்வைத்து, இவ்விரண்டிற்கும் இடையிலான முரணை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வின்செஸ்டர், நெம்புகோல் துப்பாக்கி, வரிசை எண், நீலமேற்றுதல், பொருள்சார் வரலாறு

கண்டெடுப்பும் அடையாளமும்

நெவாடாவின் கிழக்கெல்லையை ஒட்டிய கிரேட் பேசின் தேசியப் பூங்காவில் 2014 நவம்பரில் தொல்லியல் கள ஆய்வு நடைபெற்றது. அப்போது ஜூனிபர் மரம் ஒன்றில் சாய்த்து வைக்கப்பட்டிருந்த துப்பாக்கி ஒன்று ஆய்வாளர் கண்ணில் பட்டது. வெயிலிலும் பனியிலும் வெளிறி வெடித்திருந்த அதன் பின்கட்டை, மரத்தின் நிறத்தோடு ஒன்றிப்போயிருந்தது. குழல் துருவேறியிருந்தது. கட்டையின் அடிப்பகுதி மண்ணிலும் சருகிலும் சில அங்குலம் புதைந்திருந்தது.

அதன் வகையை அறிவதில் இடர்ப்பாடு இருக்கவில்லை. ‘மாடல் 1873’ என்னும் எழுத்துகள் உலோகப் பகுதியில் பொறிக்கப்பட்டிருந்தன. வயதை அறிய வரிசை எண் தேவைப்பட்டது. இவ்வகையில் அவ்வெண், சட்டகத்திலிருந்து பின்கட்டைக்குள் நீளும் கீழ்நாக்கு என்னும் உலோகப் பகுதியில் இருக்கும். வின்செஸ்டர் தொழிற்கூடத்தின் பழைய பேரேடுகள் வயோமிங் மாநிலத்தின் கோடி நகரிலுள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்தில் பேணப்படுகின்றன. அவற்றோடு ஒப்பிட்டபோது, இத்துப்பாக்கி 1882இல் செய்து அனுப்பப்பட்டது எனத் தெரிந்தது. யாருக்கு, எந்த ஊருக்கு அனுப்பப்பட்டது என்னும் குறிப்பு பேரேட்டில் இல்லை.

இவ்விடுபாடு வியப்பிற்குரியதன்று. 1873 முதல் 1916 வரை இவ்வகையில் 7,20,610 துப்பாக்கிகள் உருவாயின. 1882இல் மட்டும் ஏறத்தாழ 25,000. தொடக்கத்தில் 50 டாலராக இருந்த விலை அவ்வாண்டில் 25 டாலராகக் குறைந்திருந்தது. எளியவரும் வாங்கக்கூடிய பொருளாக அது மாறிவிட்டது. எளியவர் கைப்பொருளுக்கு ஏடுகளில் இடம் குறைவு. ஆகவே பொருளே ஏடாக வேண்டியிருக்கிறது.

கட்டைக்குள் இருந்த தோட்டா

‘132 ஆண்டுத் துப்பாக்கி’ எனச் செய்தித்தாள்கள் எழுதின. அவ்வெண் பிழையன்று; ஆனால் அது செய்யப்பட்ட காலத்தைச் சுட்டுவதேயன்றிக் கைவிடப்பட்ட காலத்தைச் சுட்டுவதன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டு, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அது அம்மரத்தடியிலேயே நின்றது என முடிவுகட்டியோர் பலர்.

இதனைத் திருத்த உதவியது ஒரு தோட்டா. துப்பாக்கி கோடி நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்குள்ள மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கப்பட்டது. (நோயாளியின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ‘ரைபிள்’ என்றே எழுதினராம்.) குழலருகே குண்டு ஏதும் இல்லை. ஆனால் துப்புரவுக் கோல்களை வைப்பதற்காகப் பின்கட்டையினுள் குடையப்பட்ட துளையில் ஒரு தோட்டா இருந்தது. யூனியன் மெட்டாலிக் கார்ட்ரிட்ஜ் நிறுவனத்தாரின் அத்தோட்டா 1887க்கும் 1911க்கும் இடையில் செய்யப்பட்டது. எனவே 1887க்கு முன் துப்பாக்கி அங்கு விடப்பட்டிருக்க இயலாது. குறைந்தது ஐந்தாண்டேனும் அது எவர் கையிலோ உழைத்திருக்கிறது. 1911ஐ மேல் எல்லையாகக் கொள்வதும் பொருந்தாது. அது தோட்டா செய்யப்பட்டதற்கான எல்லை. வாங்கிய தோட்டாவை எத்தனை ஆண்டும் வைத்திருக்கலாம்.

இத்துப்பாக்கி ஒரு புதுப்பிப்பாளரின் பட்டறைக்குப் போயிருந்தால், சிதைந்த கட்டையைக் கழற்றிப் புதிய வால்நட் கட்டை பொருத்துவதே முதல் வேலையாக இருந்திருக்கும். துளையில் இருந்த தோட்டா தனியே ஒரு பழம்பொருளாகிச் சான்றுத்தொடர் அங்கேயே அறுந்திருக்கும்.

நீலமேற்றும் முறைகள்

பழைய துப்பாக்கிகளின் கருநீலம் வண்ணப்பூச்சன்று. கட்டுப்படுத்தி வளர்க்கப்பட்ட துரு. மெதுவான முறையில், எஃகின்மேல் அமிலக் கரைசல் தடவி ஈரக்காற்றில் துருவேற விடுவர். பின்னர் கொதிநீரில் இட்டால் செந்துரு கரிய மேக்னடைட்டாக மாறும். தளர்ந்த துகளை மென்கம்பித் தூரிகையால் தேய்த்து நீக்கி, மீண்டும் மீண்டும் இதனைச் செய்வர். சோடியம் ஹைட்ராக்சைடும் நைட்ரேட்டும் கலந்த, ஏறத்தாழ 140 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள உப்புக் கரைசலில் அமிழ்த்தும் முறை விரைவானது. அமெரிக்கத் தொழிற்கூடங்களில் இது 1930களின் இறுதியை ஒட்டியே பரவியது. ஆகவே 1882ஆம் ஆண்டுத் துப்பாக்கி ஒன்றில் குழல் முதல் சுத்தியல் வரை ஒரே சீரான பளபளக்கும் கருமை தென்பட்டால், அது பிற்காலத்தார் கைவேலை எனக் கொள்ளலாம்.

எந்த முறையாயினும் அதற்குமுன் உலோகத்தைத் தேய்த்தாக வேண்டும். சேதம் நிகழ்வது அங்கேதான். அரமும் உப்புத்தாளும் மெருகுச் சக்கரமும் பட்ட இடத்தில் சட்டகத்தின் கூர்விளிம்புகள் மழுங்கும். திருகாணித் துளைகளின் வாய் குழிந்து விரியும். பொறிப்பெழுத்துகளின் ஆழம் குறையும். மரத்திலும் அவ்வாறே. தொழிற்கூடத்திலிருந்து வந்த கட்டை, உலோகத்தோடு சேருமிடத்தில் இம்மியளவு உயர்ந்து நிற்கும். தேய்த்து வார்னிஷ் பூசிய கட்டை உலோகத்திற்குக் கீழே தாழ்ந்திருக்கும். விரலால் தடவியே இதனை உணரலாம். மணல்வீச்சால் தூய்மை செய்யப்பட்ட கோயிற் சுவர்களில் மங்கிய கல்வெட்டுகளைப் படிக்க முயன்றோர்க்கு இவ்விழப்பை விளக்க வேண்டுவதில்லை.

எண் மங்குவதால் ஆய்வோடு சட்டமும் பாதிக்கப்படுகிறது. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1898 முடிய உருவான துப்பாக்கிகளைப் பழம்பொருள் எனப் பிரித்து வைக்கிறது. 1873 வகையின் உற்பத்தி அவ்வாண்டைக் கடந்தும் நீண்டதால், ஒரே வடிவமுள்ள இரண்டில் ஒன்று பழம்பொருளாகவும் மற்றொன்று சாதாரணப் படைக்கலமாகவும் அமையக்கூடும். அவற்றைப் பிரித்துக் காட்டுவது அந்த எண்ணே.

இதனால் எல்லாப் புதுப்பித்தலும் தவறு என்பது என் கருத்தன்று. வேட்டைத் துப்பாக்கி உழைக்கும் கருவி. உடையவர் காலந்தோறும் கட்டை மாற்றியதும் நீலமேற்றியதும் அதன் வரலாற்றில் அடங்கும். முன்பே பலமுறை தேய்க்கப்பட்ட ஒன்றை மறுபடி மெருகூட்டுவதில் ஆய்வுலகம் இழப்பது மிகுதியன்று. அங்கும் அடையாளம் காணாமல் வேலையைத் தொடங்கலாகாது. எடுத்துக்காட்டாக, 1894 வகையில் 1964க்குப்பின் சட்டகத்தின் உலோகக்கலவை மாற்றப்பட்டது. வழக்கமான உப்புக் கரைசல் அதற்குச் சீரான நீலம் தருவதில்லை. ஆண்டறியாமல் அமிழ்த்தியவர் கண்டது ஊதா நிறச் சட்டகம்.

கோடி நகரப் பேணுநர்கள் நெவாடாத் துப்பாக்கிக்கு மெருகேற்றவில்லை. உதிர்ந்துவந்த கட்டையின் செதில்கள் மேலும் கழன்று விழாதபடி பசையூட்டி நிலைப்படுத்தினர். வெடிப்பும் வெளிறலும் குழலின் துருவும் அப்படியே விடப்பட்டன. அந்நிலையிலேயே அது பூங்காவுக்குத் திரும்பியது. கட்டையின் அடியில் மண் பற்றியிருந்த உயரத்தை இன்றும் அதன் நிறவேறுபாட்டைக் கொண்டு அளக்கலாம்.